இரண்டு சி, ஒரு எஸ். தாதியர் பட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இனி எந்தப் பக்கமாகப் போகலாம்?

கொழுந்துக்கூடை · திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கெலியா பக்கம். உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். இரண்டாவது தடவையும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டேன். முதல் தடவை இரசாயனவியலில் கோட்டை விட்டேன். இந்த முறை இரண்டு திறமைச் சித்தி (சி), ஒரு சாதாரண சித்தி (எஸ்). பல்கலைக்கழகத் தெரிவில் என் பெயர் வரவில்லை. நுவரெலியா மாவட்டத்துத் தாதியர் பட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டால் கொஞ்சத்தில்தான் போயிருக்கிறது. "கொஞ்சத்தில்தானே" என்று சொல்லித்தான் எல்லாரும் ஆறுதல் படுத்துகிறார்கள். எனக்கு அந்தக் கொஞ்சந்தான் தாங்கவில்லை.

அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில். தம்பி இந்த வருடம் சாதாரண தரம்.

இப்போது கேட்க வந்தது இதுதான். அட்டனில் ஒரு வகுப்பு நடத்துகிற அண்ணன் வீட்டுக்கே வந்து பேசினார். பதினெட்டு மாதத்தில் நர்ஸ் ஆகிவிடலாமாம், பிறகு அப்படியே வெளிநாட்டில் டிகிரி முடிக்கலாமாம். மொத்தம் ஆறரை லட்சம். மாதக் கடைசிக்குள் 25,000 கட்டினால் சீட் நிற்கும், இல்லாவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்கிறார். அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தருகிறேன் என்று நிற்கிறார். கட்டலாமா? எனக்கு நர்ஸ் வேலைதான் வேண்டும். டிகிரியும் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆசைப்படுவது பேராசையா என்று தெரியவில்லை.

பனிமூட்டம் · திங்கள் இரவு

மூன்றாவது தடவை எழுதுங்கள் தங்கச்சி. மூன்று தடவை எழுத விடுகிறார்கள், அதில் இரண்டைத்தான் செலவழித்திருக்கிறீர்கள். முதலில் அந்த 25,000-ஐ அம்மாவின் கையிலேயே இருக்க விடுங்கள்.

கல்லடிப்பாலம் · செவ்வாய் காலை

நான் பொகவந்தலாவை. இப்போது மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் மூன்றாம் வருடம். நானும் இரண்டாவது தடவையில் வந்தவள்தான், அதனால் உங்கள் "கொஞ்சம்" எனக்குப் புரிகிறது.

ஒரு கேள்வி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டபோது எத்தனை கற்கைநெறி, எத்தனை பல்கலைக்கழகம் எழுதினீர்கள்? தாதியர் பட்டம் பேராதனையில் மட்டும் இல்லை. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு, யாழ்ப்பாணம், எங்கள் கிழக்கு, இத்தனை இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பேராதனையை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் கண்டி பஸ்ஸில் போய் வரலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு எழுதிய ஒருத்திக்கு என்னைவிட நல்ல புள்ளி. அவள் மட்டக்களப்பு எழுதவில்லை. நான் எழுதினேன்.

முதல் பட்டியல் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எடுக்க வேண்டாம். கிடைத்தவர்கள் சிலர் பதியாமல் விடுவார்கள், அந்த வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள். போனை அணைத்து வைக்காதீர்கள்.

கொழுந்துக்கூடை · செவ்வாய் பகல்

அக்கா, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர இரண்டும் எழுதினேன். மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் தூரம் என்று அப்பா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அப்பாவே "எழுதியிருக்கலாமோ" என்கிறார். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

ரயில்கூவல் · செவ்வாய் மாலை

மாவட்டம் பற்றி ஒரு விடயம் சொல்கிறேன், தங்கச்சிக்கு இல்லாவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்கும் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டக் கோட்டா. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன, கண்டி இல்லை. ஆனால் மாவட்டத்தைப் பார்ப்பது வீட்டு விலாசத்தை வைத்து அல்ல, படித்த பள்ளிக்கூடத்தை வைத்து. என் வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டம். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்று மாமா என்னைக் கண்டியில் சேர்த்துவிட்டார். நன்றாகத்தான் படித்தேன். பெறுபேறு வந்த பிறகுதான் தெரிந்தது, நான் கண்டி மாவட்டத்துப் பிள்ளையாகப் போட்டி போட்டிருக்கிறேன் என்று. அதே புள்ளியை நுவரெலியாவில் எடுத்திருந்தால் இன்று கதை வேறு. இப்போது வங்கியில் காசு எண்ணுகிறேன். குறையில்லை, ஆனால் சில இரவுகளில் நினைப்பு வரும்.

அதே நேரம் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்திலேயே கிடந்திருந்தால் அந்தப் புள்ளி வந்திருக்குமா? அதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

வெள்ளைத்தொப்பி · செவ்வாய் இரவு

மகள், நான் ஓய்வு பெற்ற தாதி. 36 வருடம் அரச வைத்தியசாலைகளில் இருந்தேன், கடைசிப் பன்னிரண்டு வருடம் வார்டுக்குப் பொறுப்பாக. கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்த அட்டன் ஆளின் கதை. பதினெட்டு மாதத்தில் நர்ஸ் என்று ஒருவர் சொன்னால், "நர்ஸா, தாதி உதவியாளரா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டும் வெள்ளை உடுப்புதான். ஆனால் ஒருத்தி மருந்து கொடுக்கலாம், ஊசி போடலாம், வார்டைப் பொறுப்பெடுக்கலாம். மற்றவள் நோயாளியைக் குளிப்பாட்டலாம், படுக்கை மாற்றலாம், சாப்பாடு ஊட்டலாம். இரண்டாவதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அந்தக் கைகள் இல்லாமல் எந்த வார்டும் ஒரு நாள் ஓடாது. ஆனால் முதலாவதன் விலையை வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கொடுப்பது ஏமாற்று. தொழிற்பயிற்சியில் மூன்றாம், நான்காம் மட்டத்துத் தேசியச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவை உண்மையான சான்றிதழ்கள்தான், பட்டம் என்பது ஏழாம் மட்டம். நான்குக்கும் ஏழுக்கும் நடுவே எத்தனை படி என்று அவரிடமே எண்ணச் சொல்.

நாளைக்கே போன் எடுத்து அவரிடம் கேள்: படிப்பு முடிந்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா? "கிடைக்கும்" என்றால் எழுத்தில் தரச் சொல். பிறகு அவர் சொன்னதை நம்பாமல் பேரவையிடமே விசாரி. வெளிநாட்டு டிகிரி என்றால் எந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பட்டத்தோடு இங்கே திரும்பி வந்தால் பேரவை ஏற்குமா? வைத்தியசாலைப் பயிற்சி எங்கே, யாருடைய அனுமதியோடு? பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகியவளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், பாவம், முதல் இரத்தத்தில் விழுந்துவிட்டாள். நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்றும் கேட்டுவை. இவ்வளவையும் கேட்டால் ஒன்று அவர் விடை தருவார், இல்லாவிட்டால் குரல் மாறும். குரல் மாறினால் உனக்கு விடை கிடைத்துவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குப் பட்டமும் வேண்டும், வேலையும் வேண்டும். பேராசையே இல்லை. ஆனால் பட்டம் முதல், வேலை பிறகு என்றுதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? நான் தலைகீழாகப் போனவள்.

சுகாதார அமைச்சு தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. மூன்று வருட டிப்ளோமா. காசு கட்டத் தேவையில்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. முடித்தால் அரச சேவையில் தாதி உத்தியோகத்தர். பதுளையிலும் கண்டியிலும் தாதியர் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியாவிலும் இருக்கிறது. வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்தல் வரும். எந்தெந்த வருடம் உயர்தரம் எழுதியவர்கள் போடலாம் என்று அதில் எழுதியிருக்கும், சில நேரம் இரண்டு மூன்று வருடத்தைச் சேர்த்தே கூப்பிடுவார்கள். அதனால் இந்த வருடம் வரவில்லை என்று விட்டுவிடாதே. சாதாரண தரத்தில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் எப்படி இருக்க வேண்டும், வயது எவ்வளவு என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அட்டன் கடையில் ஒருவர் சொன்னார், பேஸ்புக்கில் பார்த்தேன் என்பதையெல்லாம் விட்டுவிட்டு வர்த்தமானியை நீயே வாசி. தமிழிலும் வருகிறது, வெள்ளிக்கிழமைகளில் வரும், அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

டிப்ளோமா முடித்து, பேரவையில் பதிந்து, வேலைக்கும் போன பிறகு திறந்த பல்கலைக்கழகம். இந்த நாட்டில் தாதியர் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியதே அவர்கள்தான், 1994-ல், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்காக இல்லை, ஏற்கனவே வார்டில் நிற்கிற தாதிகளுக்காக. நான் 1998-ல் சேர்ந்தேன். அப்போது நுவரெலியா வைத்தியசாலையில் வேலை. பொல்கொல்லையில் கண்டி நிலையம். இரவு வேலை முடித்து, உடுப்பு மாற்றி, முதல் பஸ்ஸில் ஏறி, ரம்பொட வளைவுகளில் தூங்கி, கண்டியில் எழும்பி வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் கண்டி வந்ததும் தெரியாமல் தூங்கிவிட்டேன். பட்டம் வாங்கும்போது எனக்கு 39 வயது. மூத்த மகன் படம் எடுத்தான்.

சுற்றுவழிதான். ஆனால் அந்த வழி முழுக்க எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

பனிமூட்டம் · செவ்வாய் இரவு

அம்மா, இதைத் தனி இழையாகவே போடலாம். நான் மூன்றாம் தடவை எழுதச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று படுகிறது.

இரவுவேலை · புதன் காலை

சிஸ்டருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. தனியார் என்றாலே ஏமாற்று என்கிற தொனி வந்துவிட்டது. நான் ஹப்புத்தளை. கொழும்பில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் சொந்தப் பயிற்சியில் மூன்று வருடம் படித்தேன், அங்கேயே வேலை. தங்குமிடம் தந்தார்கள், முதல் நாளிலிருந்தே உண்மையான வார்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பார்க்கிற வேலையை எந்தப் பட்டதாரியோடும் வைத்துப் பார்க்கலாம். தோட்டத்தில் இருந்து வந்த எனக்கு ஆங்கிலம் பேச வைத்ததும் அந்த ஆஸ்பத்திரிதான், வேறு வழியில்லாமல் பேசினேன்.

காசு கட்டிப் படிக்கிற பட்டங்களும் இருக்கின்றன. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலேயே கட்டணத்தோடு தாதியர் பட்டம் உண்டு. பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களும் நாலைந்து வருடமாக நல்ல பிள்ளைகளை வெளியே விடுகின்றன. எல்லாரையும் ஒரே சட்டியில் போட்டு வறுக்க வேண்டாம்.

வெள்ளைத்தொப்பி · புதன் பகல்

நீங்கள் சொல்வது சரி தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும். தனியார் எல்லாம் ஏமாற்று என்று நான் எழுதவில்லை, கேட்டுப் பார் என்றுதான் எழுதினேன். உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டால் விடை வந்திருக்கும். ஒன்றை மட்டும் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பயிற்சியை வைத்து அரச நியமனத்துக்கு முயற்சி செய்தீர்களா?

இரவுவேலை · புதன் மாலை

செய்தேன். எடுபடவில்லை. அமைச்சின் பயிற்சிக்கு மறுபடி முதலிலிருந்து போடத்தான் சொன்னார்கள், அதற்குள் வயது தாண்டிவிட்டது. அந்த ஒரு இடத்தில் எனக்கு வருத்தம் உண்டு. சேரும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (தங்கச்சிதான், சிஸ்டர்.)

சூரியகந்த · புதன் இரவு

ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகலாமே. ஜப்பான் மொழி படித்து, பரீட்சை எழுதி, திறன் தேர்வும் சித்தியடைந்தால் போதும். என் மச்சான் போனான். ஒரு வருடத்தில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் தனி வீடு கட்டுகிறான்.

கல்லடிப்பாலம் · புதன் இரவு

நல்ல வேலை அண்ணா, நல்ல சம்பளம். ஆனால் அது முதியோர் பராமரிப்பு, தாதி வேலை இல்லை. அங்கே ஐந்து வருடம் இருந்தாலும் தாதியாகப் பதிய முடியாது. அது தெரிந்து போனால் சரி. தங்கச்சி நர்ஸ் ஆகத்தான் ஆசைப்படுகிறார். போகிறவர்களும் முகவருக்குக் காசு கொடுக்கும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு போன் எடுத்து, முகவர் பதிவுள்ளவரா என்று கேளுங்கள்.

சூரியகந்த · புதன் இரவு

அதுவும் சரிதான். மச்சானும் ஊருக்குப் போன் எடுத்தால் "நர்ஸாக இருக்கிறேன்" என்றுதான் சொல்கிறான்.

தொங்கல்லயம் · வியாழன் காலை

யாரும் மருத்துவமாது பயிற்சியைச் சொல்லவில்லையே. பொதுச் சுகாதார மருத்துவமாது. பதினெட்டு மாதம், அதுவும் அமைச்சின் பயிற்சி, அதற்கும் வர்த்தமானியில் அழைப்பு வரும். பட்டம் இல்லை, தெரியும். ஆனால் எங்கள் தோட்டத்துக்குத் தமிழ் பேசுகிற மிட்வைப் ஒருவர் வந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இருந்தவர் நல்லவர், சிங்களம் மட்டும் தெரியும். கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வருவார்கள், எடை பார்ப்பார்கள், மாத்திரை வாங்குவார்கள், போவார்கள். மாத்திரை எப்போது குடிப்பது, தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது, இதெல்லாம் சைகையில் சொல்ல முடியுமா? இரும்புச்சத்து மாத்திரையை எங்கள் ஆட்கள் தேத்தண்ணியில்தான் குடிப்பார்கள், வேறு எதில் குடிப்பது! பாதிப் பேர் குடித்ததும் இல்லை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று கூரையில் சொருகிவிடுவார்கள். புதியவர் வந்து முதல் மாதம் லயம் லயமாகப் போய், "மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய், எடு பார்ப்போம்" என்று கேட்டார். பத்து வீட்டில் ஏழு வீட்டில் முழு பொட்டலம். அவர் திட்டவில்லை. "இராத்திரிச் சோற்றுக்குப் பிறகு வெறும் தண்ணியில் குடி, வயிற்றைப் பிரட்டினால் என்னிடம் சொல்" என்றார். சொல்ல முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அத்தை ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்ல, அதை நெஞ்சுவலி என்று யாரோ மொழிபெயர்த்து, இரண்டு நாள் இதயப் பிரிவில் வைத்திருந்தார்கள். அது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் இருக்கிறது, எழுதவில்லை.

வெள்ளைத்தொப்பி · வியாழன் பகல்

தொங்கல்லயம் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் வார்டில் நடந்தது ஒன்று. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு ஒரு கிழவி படுக்காமல் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மற்றப் பிள்ளைகள் பிடிவாதம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். நான் போய், "என்ன ஆச்சி, கீழே இருக்கிறீங்க?" என்றேன். "கட்டிலில் படுத்தால் நாளைக்கு வெட்டுவாங்கன்னு சொன்னாங்க, நான் ஏன் படுக்கணும்?" என்றார். வெட்டுவது என்றால் கழுத்தை என்று நினைத்திருக்கிறார். அரை மணி நேரம் பேசினேன். மேலே ஏறிப் படுத்தார்.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே மாதம் மோடி வந்து திறந்தார், எல்லாரும் பார்த்தீர்கள். கட்டடத்தை இந்தியா கட்டித் தரும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆச்சியோடு பேசுகிற பிள்ளையை நாம்தான் அனுப்ப வேண்டும்.

மருத்துவமாது நல்ல வழிதான் மகள். ஆனால் உன் ஆசை வார்டு என்றால் டிப்ளோமாவுக்குக் காத்திரு. ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதற்கு மாறுவது நீ நினைப்பது போல் சுலபம் இல்லை.

கொழுந்துக்கூடை · வியாழன் இரவு

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சி கதைக்கு அம்மா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் அப்பாயியும் அப்படித்தானாம், நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியைத் தவிர யாரையும் தொட விடமாட்டாராம்.

அந்த அண்ணனுக்குப் போன் எடுத்தேன். பேரவைப் பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் கோர்ஸ் முடிந்த பிறகு பார்க்கிற விடயம்" என்றார். எழுத்தில் தாருங்கள் என்றேன். "யார் உங்களுக்கு இப்படியெல்லாம் சொல்லிக் கொடுப்பது?" என்றார். சிஸ்டர் சொன்ன மாதிரியே குரல் மாறியது. 25,000 கட்டவில்லை. மாமாவுக்குத்தான் கோபம், அவர்தான் அந்த அண்ணனைக் கூட்டி வந்தவர்.

இப்போது என் யோசனை: தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்றாம் தடவை எழுதுவது, இந்த முறை மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் சேர்த்துப் போடுவது, நடுவில் வர்த்தமானி வந்தால் டிப்ளோமாவுக்கும் போடுவது. என் பயம் ஆங்கிலம். சாதாரண தரத்தில் எஸ்தான்.

கல்லடிப்பாலம் · வியாழன் இரவு

ஆங்கிலப் பயம் எல்லாருக்கும் பொது. பட்டம் முழுக்க ஆங்கிலத்தில்தான். முதல் ஆறு மாதம் உடற்கூற்றியல் விரிவுரையில் எனக்குப் புரிந்தது எலும்புகளின் பெயர் மட்டும், அதுவும் படத்தைப் பார்த்து. அப்புறம் வந்துவிட்டது. நான் செய்தது இதுதான்: உயர்தர உயிரியல் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்து, தினமும் ஒரு பக்கம். தெரிந்த விடயத்தைத் தெரியாத மொழியில் வாசிப்பது கதைப்புத்தகம் வாசிப்பதைவிடச் சுலபம். சிங்களத்தையும் விடாதீர்கள். பேச்சுச் சிங்களம் உங்களுக்கு ஏற்கனவே வரும், எழுத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயில்கூவல் · வெள்ளி காலை

காசு பற்றி. பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொலப் புலமைப்பரிசிலுக்கும் போடுங்கள், இந்தியத் தூதரகத்தோடு சேர்ந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளைப் புலமைப்பரிசிலுக்கும் போடுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1940-களில் தொடங்கியது. உயர்தரம் படிக்கிறவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். கண்டியில் உள்ள உதவித் தூதரகத்தில் விசாரிக்கலாம். பெற்றார் தோட்டத்தில் வேலை செய்வதற்கான உறுதிக்கடிதம் கேட்பார்கள், அதைத் தோட்டக் காரியாலயத்தில் வாங்க எடுக்கும் நாளையும் கணக்கில் வையுங்கள். எனக்குப் பதினோரு நாள். கிளார்க் லீவு.

அரசுசாராப் பட்டங்களுக்கு 2017-லிருந்து வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஒன்றும் இருக்கிறது. எந்தக் கற்கைநெறிக்கு என்ற பட்டியலை அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள். கடன் கடன்தான், வட்டி இல்லாவிட்டாலும். நாள் சம்பளம் வாங்குகிற வீட்டில் லட்சக் கணக்கை நாலு தடவை போட்டுப் பாருங்கள்.

தொங்கல்லயம் · வெள்ளி பகல்

நாலு தடவை போட்டாலும் அதே கணக்குத்தான் வரும் அண்ணே 😀

வெள்ளைத்தொப்பி · வெள்ளி இரவு

மகள், உன் யோசனை எனக்குப் பிடித்தது. இன்னொன்று. உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாயா? பெயர் எப்படி எழுதியிருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் பயிற்சிக்குப் போட்ட காலத்தில் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா எப்படியோ பதிந்து வைத்திருந்தார், நான் தப்பினேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளுக்கு அந்தக் கடதாசி இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய விண்ணப்பம் வாசிக்கப்படவே இல்லை. நம் தோட்டத்து மக்களில் நாடற்றவர்களாக மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003-ல்தான் வந்தது. அதற்குள் அவளுக்குப் பேரப்பிள்ளை.

உங்கள் காலத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பெயர்ப் பிரச்சினை இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் சான்றிதழை யாரோ காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார்கள். நேர்முகத் தேர்வில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பெறுபேற்றில் ஒரு பெயர் என்று நின்ற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அழைப்பு வந்த பிறகு திருத்தப் போனால் நாள் போதாது.

கொழுந்துக்கூடை · சனி காலை

சிஸ்டர், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தோம். என் பெயரில் கடைசி எழுத்து இல்லை. அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தாவின் பெயர். அம்மாவின் பெயரை யாருடையது என்றே சொல்ல முடியவில்லை, அம்மாவே கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

திங்கட்கிழமை அம்மா அரை நாள் பேர் (சம்பளம்) விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூட அனுமதிப் பதிவேட்டுப் பிரதி, பெறுபேற்றுத் தாள், கிராம சேவகர் கடிதம் எடுத்து வைத்துவிட்டேன். வேறு ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?

வெள்ளைத்தொப்பி · சனி காலை

அம்மா, அப்பாவின் விவாகப் பதிவு இருந்தால் அதுவும். குடை ஒன்று. வரிசை வெளியேதான் நிற்கும்.